ஒன்றரையும் ஓர் அரையும்

ஜூன் 3

மதிப்புக்குரிய ஆசிரியர் அம்மாவுக்கு,

வணக்கம். நேற்றுக் காலை நீங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். பதினொரு நிமிடம் பேசியதாகக் கருவி காட்டுகிறது. அந்தப் பதினொரு நிமிடத்தில் நான் மூன்று முறை "சரி" என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

என் காதைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இடது காது நான்கு வருடம் முன்பே ஓய்வு பெற்றது. வலது காது என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றது. எதிரில் முகம் இருந்தால் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வேன். தொலைபேசியில் உதடு இல்லை. மறுபக்கம் குரல் நின்றதும், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று "சரி" சொல்லிவிடுகிறேன். போன மாதம் யாரோ ஒருவருக்கு இப்படிச் சொல்லி, இரண்டு பேர் தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து மருமகள், "மாமா, போன் அடிச்சா நீங்க எடுக்காதீங்க. ஒருநாள் வீட்டையே வித்துடுவீங்க" என்கிறாள்.

என் காதில் விழுந்தவை மூன்று சொற்கள்: "நாற்பத்தொன்றாம் பக்கம்", "மின்னல்", "கட்டு". இவற்றை வைத்து ஒரு வாக்கியம் அமைக்க இரவெல்லாம் முயன்றேன், முடியவில்லை. உங்கள் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நம் பதிப்பகத்துக் குழந்தை நலக் கையேட்டின் இரண்டாம் பதிப்புக்கான பொருளடைவு 'ந' வரை முடிந்திருக்கிறது. அதற்காக நீங்கள் கொடுத்தனுப்பிய கட்டு, மருத்துவரின் கைப்பிரதியும் முதல் மெய்ப்பும், என் மேசையில் பத்திரமாக இருக்கிறது. கட்டு என்றது இதைத்தானா?

தயவுசெய்து எழுதுங்கள். எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம்.

தங்கள்
பச்சை

*

ஜூன் 7

அன்புள்ள அண்ணா,

உங்களோடு பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். சுவராவது "சரி" சொல்லி ஏமாற்றாது.

விஷயத்துக்கு வருகிறேன். கையேட்டின் 41ஆம் பக்கத்தில், வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கலக்கிக் கொடுக்கும் உப்பு சர்க்கரைத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று இருக்க வேண்டும். "ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு" என்று அச்சாகியிருக்கிறது. மூன்று மடங்கு. ஒரு தாய் அதைப் பார்த்து, அப்படியே அளந்து, இரண்டு வயதுக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறாள். குழந்தை நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தது. பயப்படாதீர்கள், பிழைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஓடி ஆடுவதாக மருத்துவமனையில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விஷயம் தெரிந்த அன்றே வெளியே போன பிரதிகளை எல்லாம் திரும்ப வாங்கிவிட்டோம். ஒன்றுகூட வெளியில் இல்லை. அதை நானே எண்ணிச் சரிபார்த்தேன்.

எப்படி நடந்தது என்று நிர்வாகம் கேட்டது. "தயாரிப்பில் நேர்ந்த பிழை" என்று சொன்னேன். அவர்கள் மின்னலை அழைத்தார்கள். தயாரிப்பு என்றால் அவர்களுக்குத் தட்டச்சு செய்பவள்தான் கண்ணுக்குத் தெரிவாள் போலிருக்கிறது. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் சொன்ன மூன்று "சரி" இவைதான். கட்டை அலுவலகத்துக்கு அனுப்பாமல் என் வீட்டு விலாசத்துக்கு அனுப்புவது. நிர்வாகம் உங்களைக் கேட்டால், மெய்ப்புப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்ததாக நினைவு என்று சொல்வது. மின்னல் எழுதினால் பதில் போடாமல் இருப்பது.

என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். ஆனால் இதையும் நினையுங்கள். ஆசிரியர் பிரிவை மூடிவிட்டு வேலையை வெளியாருக்குக் கொடுக்க நிர்வாகம் இரண்டு வருடமாகச் சாக்குத் தேடுகிறது. பிழை முதன்மைப் பதிப்பாசிரியர் மேசையில் என்றால் சாக்குத் தானாகக் கிடைத்துவிடும். ஏழு பேர் தெருவுக்கு வருவோம். மின்னல் ஒருத்தி என்றால், அவள் வேகத்துக்கு நாளைக்கே பத்து இடத்தில் கூப்பிடுவார்கள்.

சீக்கிரம் அனுப்புங்கள். பொருளடைவு அவசரமில்லை.

அன்புடன்
தங்கை

*

ஜூன் 12

மதிப்புக்குரிய ஆசிரியர் அம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. குழந்தை நலமாக இருக்கிறது என்ற வரியை முதலில் மூன்று முறை படித்தேன். பிறகுதான் மற்றவற்றைப் படிக்க முடிந்தது.

கட்டை அனுப்புவதற்காகப் பிரித்தேன். எதையும் அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது என் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பார்க்காமலே அனுப்பியிருக்கலாமோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பார்த்துவிட்டேன்.

மருத்துவரின் கைப்பிரதியில், அவர் கையெழுத்தில், "ஒரு அரை ஸ்பூன் உப்பு" என்று இருக்கிறது. "ஒரு" ஒரு வரியின் கடைசியில், "அரை" அடுத்த வரியின் தொடக்கத்தில். அந்த "ஒரு அரை ஸ்பூன்" அடிக்கப்பட்டு, மேலே "ஒன்றரைத் தேக்கரண்டி" என்று ஊதா மையில் எழுதப்பட்டிருக்கிறது. நம் அலுவலகத்தில் உறுதியான பிழைக்குச் சிவப்பு, சந்தேகத்துக்குப் பச்சைப் பென்சில். முன்னது குறைவாகவும் பின்னது அளவுக்கு மீறியும் என்னுடையவை. ஊதா ஒருவருடையது மட்டுமே.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "ஒரு அரை மணி நேரம் இருங்க" என்று யாராவது சொன்னால் நாம் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பதில்லை. பேச்சில் அந்த "ஒரு" சும்மா வருவது. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கும் அவசரத்தில் யாருக்கும் கை அப்படிப் போகக்கூடியதுதான். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் ஒரு முழுக் கரண்டி உப்பு விழுந்திருக்கிறது. மின்னல் பிரதியில் இருந்ததை இருந்தபடி அடித்திருக்கிறாள். அவள் அடித்ததில் எழுத்துப் பிழைகூட இல்லை.

இன்னொன்று. முதல் மெய்ப்பின் 41ஆம் பக்கத்து ஓரத்தில் நான் ஒரு பச்சைக் கேள்வி எழுதியதாக நினைவு. "ஓர் அரையா?" என்று. இப்போது அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ரப்பர் தேய்த்தது போலக் காகிதம் சற்று மயிர்விட்டிருக்கிறது. மெய்ப்பு உங்கள் மேசைக்கு வந்து திரும்பிய பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. என் நினைவு தவறாக இருக்கலாம். பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும்.

கட்டை உடனே அனுப்பாததற்கு மன்னியுங்கள். இன்னும் சில நாள் அவகாசம் வேண்டும். நீங்கள் எனக்குச் செய்ததை எல்லாம் நான் மறந்தவனில்லை. மறந்திருந்தால் இந்தக் கடிதம் இத்தனை நீளமாக இருக்காது.

தங்கள்
பச்சை

*

ஜூன் 15

ஐயா,

உங்கள் கடிதத்தில் ஒரு பத்தியைப் பன்னிரண்டு முறை படித்தேன். "மெய்ப்பு உங்கள் மேசைக்கு வந்து திரும்பிய பிறகு." மென்மையாக எழுதிவிட்டால் திட்டு திட்டாகாதா? ரப்பரால் அழித்தாள் என்று நேராகவே சொல்லுங்கள். ஊதாப் பேனா வைத்திருப்பவளுக்கு ரப்பர் எதற்கு ஐயா? நான் ரப்பரைத் தொட்டு முப்பது வருடம் ஆகிறது. வேண்டாத கேள்வி என்றால் குறுக்கே ஒரு கோடு போடுவேன், எல்லோரும் பார்க்கிற மாதிரி.

"ஒன்றரை" என் கைதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. கைப்பிரதியைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். என் கையெழுத்து என் தூக்கத்திலும் வருகிறது. ஆனால் அழித்தேன் என்று சொல்கிறீர்களே, அதற்கு நான் ஆளில்லை.

அண்ணி இறந்த மாதம் நீங்கள் மெய்ப்புப் பார்த்த பூகோளப் புத்தகத்தில் இருபத்தேழு பிழை. ஆற்றைக் கொண்டுபோய் மலைமேல் ஏற்றியிருந்தீர்கள். நிர்வாகம் கேட்டபோது, கடைசி மெய்ப்பை நான்தான் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்து வருடத்தில் ஒருநாள் சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இன்றைக்குச் சொல்லிக் காட்டுகிறேன். எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அடிக்கப் போவதில்லை. எழுதியதை அடிக்கிற பழக்கம் என் பேனாவுக்கு இல்லை.

காகிதம் உங்கள் கையில் இருக்கிறது. யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

ஆசிரியர்

*

ஜூன் 20

அன்புள்ள அம்மா,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். இதை மட்டும் படித்துவிடுங்கள்.

தவறு என்னுடையது. உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன்.

என் அறையில் ஒரே ஜன்னல். காலை ஏழரை மணிக்குப் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் வெயில் ஒரு கீற்றாக மேசைமேல் விழும். பதினைந்து நிமிடம் நிற்கும். 41ஆம் பக்கத்தை அந்த வெயிலில் படுக்கவைத்து, கன்னத்தை மேசையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தேன். மருமகள் காப்பியோடு வந்து, "என்ன மாமா, மேசைமேலயே தூங்கிட்டீங்களா?" என்று பதறிவிட்டாள். தூங்கவில்லை. பென்சில் அழுத்திய தடம் காகிதத்தில் பள்ளமாக இருந்தது. "ஓர் அரையா?" என் கையெழுத்து. கடைசிக் கேள்விக்குறியின் வால்வரை தெரிந்தது.

பிறகு என் நோட்டைத் தேடினேன். ஒவ்வொரு நாள் வேலையையும் எழுதி வைப்பேன் அல்லவா? போன செப்டம்பர் 18ஆம் தேதிக் குறிப்பு இது: "ஆ. அம்மா கூட்டத்தில் சொன்னபடி பச்சைக் குறிகள் மறுபார்வை செய்யப்பட்டன. மொத்தம் 112. தேவையற்றவை 38 அழிக்கப்பட்டன."

அந்தக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்காது. என் மெய்ப்பைத் தூக்கிக் காட்டி, "அண்ணா, இது புரூஃபா, கீரைப்பாத்தியா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். அன்று மாலை ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதை அழித்தேன், எதை விட்டேன் என்று இப்போது ஒப்பிட்டுப் பார்த்தேன். மருத்துவர் எழுதியதன்மேல் கேட்ட கேள்விகளை விட்டிருக்கிறேன். உங்கள் ஊதாவின்மேல் கேட்ட கேள்விகளை எல்லாம் அழித்திருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அழிக்கப்பட்டன" என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். யார் அழித்தது என்று எழுதவில்லை. நான் மட்டும் படிக்கிற நோட்டில், என்னிடமிருந்தே ஒளிந்திருக்கிறேன்.

அதை நான் உங்கள்மேல் வைத்த விசுவாசம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அம்மா சங்கடப்படக் கூடாது, அம்மாவுக்கு வேலை அதிகம், அம்மா சொன்னால் காரணம் இருக்கும். இப்போது யோசித்தால், அதில் உங்கள் சங்கடத்தைவிட என் பயம்தான் அதிகம் இருந்திருக்கிறது. விசுவாசமாக இருந்திருந்தால் உங்களை அந்த ஒன்றரையோடு அச்சுக்கு அனுப்பியிருப்பேனா?

இருபத்தேழு பிழைகளைச் சொல்லிக் காட்டியதற்கு வருந்தாதீர்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் மனைவியின் அறைக்கு வெளியே நீங்கள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து என் பக்கங்களைப் படித்தது என் கண்ணிலேயே இருக்கிறது. அன்று நீங்கள் உங்கள் கையால் பழியை எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். இன்று அதே கையால் மின்னல் தலையில் வைக்கிறீர்கள். முதலாவதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்பதற்காக இரண்டாவதற்குத் துணை நிற்க முடியுமா என்று எட்டு நாள் என்னையே கேட்டுப் பார்த்தேன். முடியவில்லை அம்மா. முயன்றேன். முடியவில்லை.

நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. அதில் என் ரப்பரைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறேன். ஆனால் கைப்பிரதியைச் சேர்த்து அனுப்பாவிட்டால் மின்னல்மேல் உள்ள பழி போகாது. சேர்த்தால் உங்கள் மை தெரிந்துவிடும். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இதைச் செய்ய மாட்டேன். ஜூலை முதல் தேதி காலை தபாலில் சேர்ப்பேன். அதற்குள் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

 

பச்சை

*

ஜூன் 24

அண்ணா,

தபாலில் சேர்க்க வேண்டாம். பொறுங்கள், முழுவதும் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று உங்களைத் திட்டி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். மறுநாள் மின்னல் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமலே போனேன். மூன்றாம் மாடி. படியின் கைப்பிடி முழுக்கத் துணி காய்கிறது. கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்க மேடம். புரூஃப் ஏதாவது கொண்டு வந்தீங்களா?" என்றாள். குத்தல்தான். வாங்கிக்கொண்டேன்.

யாருடைய ஆய்வுக்கட்டுரையையோ ஒரு பழைய கணினியில் அடித்துக்கொண்டிருந்தாள். அதில் "ண" எழுத்துக்கான விசையே இல்லை, பிடுங்கிப் போயிருக்கிறது. வெறும் குழியில் விரலை விட்டு அடிக்கிறாள். பத்து இடத்தில் கூப்பிடுவார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? கூப்பிட்டார்களாம். விசாரணையில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பத்து பேரும் அப்புறம் சொல்கிறோம் என்றார்களாம்.

தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "அந்த ஒன்றரையை அடிக்கும்போது உனக்கு ஒன்றும் தோணலையா?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தோணாம என்ன மேடம்? கை நின்னுடுச்சு. எங்க பொண்ணுக்கு இதே தண்ணியை எத்தனை தடவை கலக்கியிருக்கேன். அரை ஸ்பூன்தான். ஆனா பிரதியில ஊதாவுல இருந்துச்சே."

"ஊதான்னா என்ன? கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம். பச்சை சார் உங்களைவிட வயசுல பெரியவர். அவரையே எல்லார் முன்னாடியும் கீரைப்பாத்தின்னீங்க. அப்போ நாங்க யாரு? பாத்தியில கிடக்கிற மண்ணு. மண்ணு கேள்வி கேக்குமா மேடம்?"

அண்ணா, ஆக மூன்று பேர் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறோம். இரண்டு பேருக்குச் சரியான விடை தெரிந்திருக்கிறது. தெரியாதவள் நான் ஒருத்திதான், என் கையில்தான் பேனா இருந்திருக்கிறது. இருபத்தாறு வருடமாக என் ஊதாவை யாரும் கேள்வி கேட்டதில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். பிழையே செய்யாதவள் என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

படியிறங்கும்போது அவள் மேலிருந்து, "மேடம், பாத்து இறங்குங்க, நாலாவது படி உடைஞ்சிருக்கு" என்றாள். அதுதான் தாங்கவில்லை.

நிர்வாகத்துக்கு நானே எழுதுகிறேன். வரைவு கீழே இருக்கிறது. திருத்தி அனுப்புங்கள். எந்த வண்ணத்தில் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

"குழந்தை நலக் கையேட்டின் 41ஆம் பக்கத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. கைப்பிரதியைச் செம்மைப்படுத்தியபோது 'ஒரு அரை' என்பது 'ஒன்றரை' என்று மாற்றப்பட்டுவிட்டது. தட்டச்சு செய்தவர் கேட்டிருந்தால் இது தவிர்க்கப்பட்டிருக்கும் என்றாலும் அவர்மீது குற்றமில்லை. இதற்கு ஆசிரியர் பிரிவு பொறுப்பேற்று வருந்துகிறது."

தங்கை

*

ஜூன் 29

அன்புள்ள அம்மா,

வரைவைத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். முதலில் பச்சையை எடுத்தேன். கீழே வைத்துவிட்டுச் சிவப்பைத் தேடினால் வீட்டில் இல்லை. நான்கு தெரு நடந்து போய் வாங்கி வந்தேன். மருமகள், "பச்சைதான் இருக்கே மாமா, வெயில்ல எதுக்கு அலையுறீங்க?" என்றாள். "இது கேள்வி இல்லம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பரவாயில்லை.

உங்கள் எழுத்தின்மேல் சிவப்பு வைப்பது எனக்கு இதுதான் முதல் முறை. தவறாக ஏதும் படவில்லை என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லை, அப்படி இல்லை. தவறாகப் பட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

"பிழை நேர்ந்துவிட்டது" என்பதை அடித்திருக்கிறேன். பிழை தானாக நடந்து வந்து பக்கத்தில் உட்காராது. "பிழை செய்துவிட்டேன்" என்று மாற்றியிருக்கிறேன். அதேபோல "மாற்றப்பட்டுவிட்டது" அல்ல, "மாற்றினேன்". என் நோட்டில் "அழிக்கப்பட்டன" என்பதையும் நேற்றே சிவப்பால் அடித்து "அழித்தேன்" என்று எழுதிவிட்டேன். நோட்டு அசிங்கமாகிவிட்டது, மனதுக்கு நன்றாக இருக்கிறது.

மின்னல் கேட்டிருந்தால் என்ற வாக்கியத்தை முழுவதும் எடுத்துவிட்டேன். குற்றமில்லை என்று சொல்லிக்கொண்டே குற்றத்தின் ஓர் ஓரத்தை அவள் பக்கம் தள்ளுகிறது அது. அவள் ஏன் கேட்கவில்லை என்று நமக்குத் தெரியும். "தட்டச்சு செய்தவர் பிரதியில் இருந்ததைப் பிழையின்றி அடித்தார்" என்பது போதும், அது உண்மையும்கூட. "ஆசிரியர் பிரிவு" என்பது "நான்" ஆகிவிட்டது. ஏழு பேருக்குப் பின்னால் நீங்கள் நிற்க வேண்டாம் அம்மா, நீங்கள் அத்தனை சிறிய ஆள் இல்லை.

கடைசியில் என் பங்காக இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்திட்டிருக்கிறேன்: "மெய்ப்புப் பார்த்த நான் இந்தப் பிழையைக் கண்டு, கேள்வி எழுதி, பிறகு அச்சத்தினால் அதை நானே அழித்துவிட்டேன். அதற்கு நானே பொருப்பு." உங்கள் கையெழுத்து மேலே, என்னுடையது கீழே. கைப்பிரதியும் மெய்ப்பும் இத்துடன் உங்கள் வீட்டு விலாசத்துக்கே வருகின்றன. முதல் "சரி"யை நிறைவேற்றிவிட்டேன். நீங்களே கொண்டுபோய் நிர்வாகத்தின் மேசையில் வையுங்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு பச்சைக் கேள்வி மட்டும் ஓரத்தில் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் நிர்வாகத்துக்கு மட்டும் போதுமா? அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு ஒரு நகல் வேண்டாமா?

பிரிவை மூடிவிடுவார்களோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. என் பயத்தை நம்பி எதுவும் செய்யாதீர்கள். அதன் யோக்கியதையைப் பார்த்துவிட்டோம்.

பச்சை

*

ஜூலை 18

அன்புள்ள அண்ணா,

நல்லதை முதலில் சொல்கிறேன், இல்லாவிட்டால் நீங்கள் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்து படிப்பீர்கள். மின்னல் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். பிரிவை இப்போதைக்கு மூடவில்லை, ஒரு வருடம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். "வேறு யாராவது இருந்தா கைப்பிரதியையே காணோம்னு சொல்லியிருப்பாங்க" என்றார் நிர்வாகி. பாராட்டா கேலியா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

கெட்டது: என் கையெழுத்து ஒன்றால் மட்டும் இனி எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. இன்னும் இருவர் கையெழுத்து வேண்டும். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் மின்னல் என் ஊதாத் திருத்தம் ஒன்றின்மேல் கேள்வி எழுதிக் கொண்டுவந்தாள், புத்தம்புதுப் பச்சைப் பென்சிலில். "இது என்னடி?" என்றேன். "கீரை மேடம், உடம்புக்கு நல்லது" என்றாள். அறையே சிரித்தது. அவள் கேள்வி சரியாகவும் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

உங்கள் பச்சைக் கேள்விக்குப் பதில். குழந்தையின் வீட்டுக்கு நேரிலேயே போனேன். அந்தப் பெண் கடிதத்தை நின்றபடியே படித்தாள். திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். "அப்போ நான் சரியாத்தான் அளந்தேனா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, நீ சரியாத்தான் அளந்தே, நாங்கதான் தப்பா எழுதிட்டோம்" என்றேன். "இத்தனை நாளா நான்தான் கை தவறிக் கொட்டிட்டேன்னு எங்க மாமியார் சொல்லிக்கிட்டே இருக்காங்க. எனக்கே அப்படித்தான் இருக்குமோன்னு ஆயிடுச்சு" என்றாள். பிறகு என்னைத் திட்டினாள், நன்றாகவே. அப்புறம் கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், மாமியாரிடம் படித்துக் காட்ட. குழந்தை என் செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அறையெல்லாம் ஓடியது.

அவளை நாம் யாருமே நினைக்கவில்லை அண்ணா. உங்கள் பச்சை நினைத்திருக்கிறது.

உங்கள் சிவப்பு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். ஒன்றைத் தவிர. "நானே பொருப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். வல்லின "று" ஐயா! பொருப்பு என்றால் மலை. நீங்கள் சுமந்ததென்னவோ மலைதான், ஆனாலும் ஊதாவில் திருத்திவிட்டேன். இந்த ஒரு பிழையை என் தலையில் போட்டுக்கொள்ள மாட்டேன். நிர்வாகத்திடம் உங்களுடையது என்றே சொன்னேன்.

இரண்டாம் பதிப்பின் 41ஆம் பக்கம் இத்துடன். மருத்துவர் பார்த்துவிட்டார், மின்னலும் நானும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். மூன்றாவது கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. பொருளடைவும் அவசரம்தான்.

தங்கை

*

ஜூலை 23

அன்புள்ள தங்கைக்கு,

பொருளடைவு முடிந்தது, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். "பொறுப்பு" எந்த "று" என்று இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்குத் திருத்தியவன் நான். மருமகளிடம் சொன்னேன். சமையலறையிலிருந்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

41ஆம் பக்கத்தை மேசையில் வைத்து, வெயில் வரும்வரை காத்திருந்து, வாய்விட்டு மூன்று முறை படித்தேன். "அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரு தேக்கரண்டியில் பாதி." அரைக்கு முன்னால் "ஒரு"வும் இல்லை, "ஓர்" என்பதும் இல்லை. கீழே கரண்டியின் படத்தில் பாதிவரை கோடு போட்டிருப்பது நன்றாக இருக்கிறது. மின்னலின் யோசனையாகத்தான் இருக்கும். கேட்க ஒன்றுமில்லை. திருத்த ஒன்றுமில்லை.

மூன்றாவது கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அதற்கு மேலே ஒரு சொல்லும் எழுதியிருக்கிறேன்: "சரி."

இது காது கேட்டுச் சொன்னது.

அண்ணன்